எத்தனை கிலோ வரை சுதந்திரம்?

1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸில் பறக்கவிடப்பட்ட ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் ஒன்று நகரத்துக்கு வெளியே கொனேஸ் என்ற கிராமத்து வயலில் போய் விழுந்தது. புரண்டு புரண்டு சுருங்கிய அந்த வினோதப் பிராணியைக் கண்டு மிரண்ட ஊரார், கவைக்கோல்களோடு வந்து குத்திக் கிழித்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து, 1784 ஏப்ரல் 23 அன்று, பாரிஸ் காவல்துறை ஓர் ஆணை போட்டது: முன் அனுமதி இல்லாமல் தீ ஏந்திய பலூன்களைச் செய்யவோ பறக்கவிடவோ கூடாது. வான்சட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆணையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விமானம் பிறப்பதற்கு 119 ஆண்டுகளுக்கு முன்பே அனுமதிச் சீட்டு பிறந்துவிட்டது.

தன் உயிரைத் தானே பணயம் வைத்துப் பறக்க நினைப்பவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. பெரிய விமானங்களைப் பொறுத்தவரை விடை கிடைத்துவிட்டது. பயணிகள் இருக்கிறார்கள், கீழே ஊர் இருக்கிறது, ஆகவே உரிமமும் சோதனையும் பதிவு எண்ணும் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் விளிம்பில் இருப்பவற்றைப் பற்றித்தான். பாராமோட்டாரை எடுத்துக்கொள்ளலாம். இருபது முப்பது கிலோ எடையுள்ள இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், அதைச் சுற்றி வலை பின்னிய கூண்டு, தலைக்கு மேல் துணிச் சிறகு. ஓடுதளம் வேண்டாம், பத்து இருபது எட்டு ஓடினால் கால் தரையை விட்டுவிடும். மடித்தால் காரின் டிக்கியில் அடங்கும். இது விமானமா, விளையாட்டுச் சாமானா? நாட்டுக்கு நாடு, பத்தாண்டுக்குப் பத்தாண்டு விடை மாறியிருக்கிறது.

கோழிகள் செத்த வழக்கு

நிலம் யாருடையதோ, அதன் மேலுள்ள வானமும் அவருடையதே என்பது ஐரோப்பியச் சட்ட மரபின் பழைய விடை. பறக்கும் இயந்திரம் இல்லாத காலத்தில் அதனால் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. முதல் உலகப் போர் அதைக் கலைத்தது. 1919 பாரிஸ் உடன்படிக்கையும் பின்னர் 1944 சிகாகோ உடன்படிக்கையும் வானத்தை நிலக்காரரிடமிருந்து எடுத்து அரசுகளின் முழு இறையாண்மைக்குள் வைத்தன.

நிலக்காரருக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காஸ்பி வழக்கில் எடைபோட்டது. வட கரோலைனாவில் கோழிப்பண்ணை வைத்திருந்த குடும்பம் அது. ராணுவ விமானங்கள் தரையிறங்கும் பாதை பண்ணைக்கு மேல் 83 அடி உயரத்தில் போனது; வீட்டுக் கூரையிலிருந்து 67 அடி, உயரமான மரத்திலிருந்து 18 அடிதான் இடைவெளி. இரைச்சலில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதி ஏறத்தாழ 150 செத்தன. வானம் முழுவதும் நிலக்காரருக்கு என்ற பழைய கோட்பாட்டுக்கு இனி இடமில்லை என்றது நீதிமன்றம். ஆனால் நிலத்தைப் பயன்படுத்தத் தேவையான தாழ்ந்த வெளியில் அவருக்கு உரிமை உண்டு என்றும் சொல்லி, இழப்பீட்டுக்கு வழிவிட்டது. அந்தத் தாழ்ந்த வெளி எத்தனை அடி என்று தீர்ப்பு எண் சொல்லவில்லை. பாராமோட்டார் பெரும்பாலும் பறப்பது அந்த எண் சொல்லாத அடுக்கில்தான். இன்று கிராமத்து விடியற்காலையில் எழும் இரைச்சல் புகார்களின் வேர் இந்த மௌனத்தில் இருக்கிறது எனலாம்.

115 கிலோ

1975 மார்ச்சில் விஸ்கான்சினில் உறைந்த ஏரி ஒன்றின் மேல் ஜான் மூடி என்பவர் கோ-கார்ட் எஞ்சினை ஹாங் கிளைடரில் பொருத்திக் காலால் ஓடி எழும்பினார். அடுத்த ஆண்டு ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் அதையே செய்துகாட்ட, கூட்டம் பற்றிக்கொண்டது. அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்ஏஏ அப்போது ஹாங் கிளைடர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. காலால் ஓடி எழும்ப முடிந்தால் அது ஹாங் கிளைடர், எனவே கேள்வி இல்லை என்பது நடைமுறை. விளைவு வேடிக்கையானது. சக்கரமும் இருக்கையும் வைத்த கனமான இயந்திரங்களை, ‘தேவைப்பட்டால் காலாலும் ஓடலாம்’ என்று காட்டுவதற்காகவே சிலர் வடிவமைத்தார்கள். சட்டம் எதை அளக்கிறதோ, அதற்கேற்ப இயந்திரம் வளையும் என்பதற்கு இத்துறையில் கிடைக்கும் முதல் சாட்சி இது.

அதற்கு முற்றுப்புள்ளி வைக்க 1982இல் வந்ததுதான் பார்ட் 103 என்ற விதித்தொகுப்பு. ஒருவர் மட்டும், பொழுதுபோக்குக்கு மட்டும். எஞ்சின் உள்ளதென்றால் வெற்று எடை 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் குறைவு. பெட்ரோல் 5 கேலன், ஏறக்குறைய 19 லிட்டர், அதற்கு மேல் கூடாது. முழு வேகம் 55 நாட். எஞ்சின் இல்லாத நிலையில் சிறகு தாங்கும் குறைந்தபட்ச வேகம் 24 நாட்டைத் தாண்டக் கூடாது. இவற்றுக்குள் அடங்கினால் பதிவு வேண்டாம், தகுதிச் சான்று வேண்டாம், பைலட் உரிமம் வேண்டாம், மருத்துவச் சான்றும் வேண்டாம். விதி இதை விமானம் என்றே பேசுவதில்லை, ‘வெஹிகிள்’ என்கிறது.

இந்த நிலைப்பாட்டின் தர்க்கம் எளிது. இவ்வளவு எடையில், இவ்வளவு வேகத்தில் விழுந்தால் அடிபடப்போவது பெரும்பாலும் பறப்பவருக்குத்தான். ஆகவே அரசு அவரைக் காப்பாற்ற முயல வேண்டாம், மற்றவர்களைக் காப்பாற்றினால் போதும். அதனால்தான் இயந்திரத்தைப் பற்றிக் கேட்காத அதே விதிகள் இடத்தைப் பற்றிக் கறாராக இருக்கின்றன. நகரம், ஊர், குடியிருப்பு, திறந்தவெளிக் கூட்டம் எதன் மேலும் பறக்கக் கூடாது. பகலில் மட்டும், தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்ற எல்லா விமானங்களுக்கும் வழிவிட வேண்டும்.

பலவீனங்கள் விரைவிலேயே தெரிந்தன. ஒற்றை இருக்கை என்றால் கற்றுக்கொடுப்பது எப்படி? இரண்டு இருக்கைப் பயிற்சிக்கு விதிவிலக்குகள் தரப்பட்டன. பயிற்சி என்ற பெயரில் கட்டணச் சவாரி நடப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2004இல் 600 கிலோ வரையிலான இலகு விமானங்களுக்கும் அவற்றை ஓட்டுபவர்களுக்கும் தனி வகை வந்தபின், 2008 ஜனவரியோடு அந்தப் பழைய ஏற்பாடு முடிந்தது. இன்னொரு விமர்சனம் நுட்பமானது. எடை வரம்பு ஆபத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? கனமான நல்ல குழாய், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், பிரேக் எல்லாம் எடை. வரம்புக்குள் நிற்க அவற்றைக் கழற்றி வைக்கத் தூண்டும் விதி பாதுகாப்பு விதியா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அவசர பாராசூட்டையும் நீரில் இறங்கும் மிதவைகளையும் எடைக் கணக்கிலிருந்து விலக்கியது எஃப்ஏஏ தந்த பாதி பதில்.

மின்சாரம் வந்ததும் அந்தப் பாதி பதிலும் தடுமாறுகிறது. பெட்ரோல் வெற்று எடையில் சேராது, பேட்டரி சேரும். அதே சமயம் செங்குத்தாக எழும்பும் பிளாக்ஃபிளை, ஜெட்சன் ஒன் போன்ற ஒற்றையாள் மின்சாரக் கலங்கள் இந்த விதிக்குள் அடங்கும்படியே கணக்கிட்டுக் கட்டப்படுகின்றன. கித்தானும் குழாயும் கொண்டு கட்டிய சிறகுகளை மனதில் வைத்து எழுதிய விதி, இன்று கணினி ஓட்டும் பல சுழலிக் கலங்களுக்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது. இது விதியின் வெற்றியா, ஓட்டையா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

ஐரோப்பாவின் காகிதங்கள்

ஐரோப்பிய ஒன்றியம் இந்தத் தலைவலியைப் பெரும்பாலும் உறுப்பு நாடுகளிடம் தள்ளிவிட்டது. 2018/1139 என்ற ஒழுங்குமுறையின் முதல் இணைப்பு, மைக்ரோலைட் எனப்படும் மிகஇலகு விமானங்களையும், எரிபொருளோடு வெற்று எடை 70 கிலோவுக்கு மேற்படாத கலங்களையும் பொது விதிகளிலிருந்து விலக்குகிறது. அதனால் ரைன் நதியின் இரு கரையிலும் இரண்டு வேறு உலகங்கள்.

ஜெர்மனியில் பாராமோட்டார் ‘வான்விளையாட்டுச் சாதனம்’. உரிமம் உண்டு, தேர்வு உண்டு, மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். எழும்புவதும் இறங்குவதும் அங்கீகரிக்கப்பட்ட தளத்தில்தான். வயலில் இறங்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். ஆனால் இதையெல்லாம் நடத்துவது அரசு அலுவலகமல்ல. அதிகாரம் அளிக்கப்பட்ட விளையாட்டுச் சங்கங்களே தேர்வு வைக்கின்றன, சான்றும் தருகின்றன. தொழில் தெரிந்தவர்களிடமே கட்டுப்பாட்டைக் கொடுப்பது நல்ல ஏற்பாடு என்று பரவலாகப் பாராட்டப்படுகிறது. உறுப்பினர் சந்தாவில் வாழும் சங்கம் தன் உறுப்பினரையே தண்டிக்குமா என்ற ஐயமும் கூடவே வருகிறது. தளக் கட்டாயத்தைப் பற்றிய புகார் இன்னும் நேரடியானது: ஓடுதளமே வேண்டாத ஒன்றை ஓடுதளத்துக்கு வரச்சொல்வதில், அதைவிட வேகமான விமானங்களோடு அதைக் கலக்கும் ஆபத்தும் இருக்கிறது.

பிரான்ஸ் ‘நீயே சொல், நீயே பொறுப்பு’ என்ற வழியைப் பிடித்தது. 1998இன் ஆணை மிகஇலகு கலங்களை வகுப்புகளாகப் பிரிக்கிறது; பாராமோட்டார் முதல் வகுப்பு. கலம் விதிக்குப் பொருந்துகிறது என்று உரிமையாளரே அறிவிக்கிறார்; மாவட்ட எண்ணோடு ஓர் அடையாளக் குறி கிடைக்கிறது, அதைச் சிறகில் பெரிதாக எழுத வேண்டும். எழுத்துத் தேர்வும் பயிற்றுநர் ஒப்புதலும் கொண்ட உரிமம் காலாவதியாகாது. நிலக்காரர் சம்மதித்தால் வயலிலிருந்தே எழும்பலாம். பிரிட்டனோ காலால் எழும்பும் மோட்டார் சிறகுகளுக்கு உரிமமே கேட்பதில்லை. ஒற்றை இருக்கை மைக்ரோலைட்டுகளின் தகுதிச் சான்றையும் 2007இல் சிறிய அளவிலும் 2014இல் 300 கிலோ வரையிலும் தளர்த்தியது.

எது பாதுகாப்பானது? நியாயமாக ஒப்பிடுவது கடினம். பதிவே இல்லாத நாட்டில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் பறந்தார்கள் என்ற கணக்கு இருக்காது. விபத்துகளை எண்ணலாம், விகிதம் சொல்ல முடியாது. இந்த விவாதத்தில் இரு தரப்பும் உறுதியாகப் பேசும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

இடம் என்ற கேள்வி

எடையையும் உரிமத்தையும் பற்றிய இந்த வாதங்கள் மையக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகின்றனவே தவிரத் தொடவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. சட்டம் கிலோவை அளப்பதற்குக் காரணம் கிலோவை அளப்பது சுலபம் என்பதே. ஆபத்து எங்கே பறக்கிறோம் என்பதில் இருக்கிறது.

சர்வதேச முறைப்படி வானம் ஏ முதல் ஜி வரை எழுத்துகளால் வகுக்கப்பட்டிருக்கிறது. பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த அடுக்குகளில் கோபுரத்தின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஜி என்பது யாரும் வழிநடத்தாத வெளி. கண்ணால் பார்த்து விலகிக்கொள்வதுதான் அங்கே விதி. அமெரிக்காவில் இ வகுப்பிலும், விமான நிலையத்துக்கென ஒதுக்கிய தரைமட்டப் பகுதியைத் தவிர, பார்ட் 103இன் கீழ் வரும் அல்ட்ராலைட்டுக்கு முன் அனுமதி தேவையில்லை. ரேடியோவும் தேவையில்லை, தன் இருப்பைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் தேவையில்லை.

2021 டிசம்பர் 21 அன்று டெக்சஸில் ஃபுல்ஷியர் அருகே ஒரு செஸ்னா சரக்கு விமானமும் ஒரு பாராமோட்டாரும் நடுவானில் மோதின. இருவரும் இறந்தார்கள். கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிட முடியாத நிகழ்ச்சி இது. மோதும் பாதையில் வரும் பொருள் விமானியின் கண்ணாடியில் இடம் மாறுவதில்லை. ஒரே புள்ளியில் நிற்கிறது. கடைசிச் சில நொடிகளில்தான் சட்டென்று பெரிதாகிறது. மனிதக் கண் அசைவதைப் பிடிக்கும், நிற்பதை விட்டுவிடும். அமெரிக்க விதிப்படி 1,200 அடிக்குக் கீழே ஜி வகுப்பில் ஒரு மைல் பார்வைத் தெளிவு போதும். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஒரு விமானமும் 45 கிலோமீட்டரில் ஒரு பாராமோட்டாரும் எதிரெதிரே வந்தால் அந்த ஒரு மைல் சுமார் 17 நொடிகளில் தீர்ந்துவிடும். ‘பார், விலகு’ என்ற விதி எழுதப்பட்ட காலத்தின் வேகங்கள் வேறு.

இதற்கு விடையாக முன்வைக்கப்படுவது மின்னணு அடையாளம். கைப்பேசி அளவிலான கருவி, பறப்பவரின் இடத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு ஒலிபரப்பும். பிரிட்டனின் விமான ஆணையம் 2020 முதல் இதை வாங்குவோருக்குப் பாதி விலையை, 250 பவுண்டு வரை, திருப்பித் தந்தது. கட்டாயப்படுத்தாமல் ஊக்குவிக்கும் இந்த வழிக்கு ஆதரவு அதிகம். ஆனால் பலவகைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. நான் ஒலிபரப்புகிறேன், அவர் கேட்கிறாரா என்பது வேறு கேள்வி.

சந்தேகத்தின் வானம்

1987 நவம்பர் 25 இரவு, தெற்கு லெபனானிலிருந்து மோட்டார் பொருத்திய ஹாங் கிளைடரில் எல்லை தாண்டிய ஒருவர் இஸ்ரேலிய முகாமொன்றில் ஆறு வீரர்களைக் கொன்றார். 2023 அக்டோபர் 7 தாக்குதலில் காசாவின் வேலியைத் தாண்டப் பாராமோட்டார்கள் பயன்பட்டன. மியான்மரில் ராணுவமே பாராமோட்டாரிலிருந்து குண்டு வீசுகிறது. இவற்றுக்கு நடுவே ரத்தமில்லாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 2015 ஏப்ரலில் புளோரிடாவைச் சேர்ந்த அஞ்சல் ஊழியர் ஒருவர், தேர்தல் நிதிச் சீர்திருத்தம் கேட்டு, நாடாளுமன்ற உறுப்பினர்கள் 535 பேருக்கும் எழுதிய கடிதங்களோடு சிறிய ஜைரோகாப்டரில் வாஷிங்டன் கேபிடல் புல்வெளியில் வந்து இறங்கினார். உலகிலேயே அதிகம் காவல் காக்கப்படும் வானங்களில் ஒன்று அது. ரேடாரில் அவர் பறவை, பலூன் வகையறாப் புள்ளியாகவே தெரிந்ததாகப் பின்னர் விளக்கம் சொன்னார்கள்.

இங்கேதான் பார்ட் 103இன் தர்க்கம் தலைகீழாகிறது. இலகுவாக, மெதுவாக இருப்பதால் தீங்கற்றது என்றது அது. இலகுவாக, மெதுவாக இருப்பதால்தான் கண்ணில் படவில்லை என்கிறது பாதுகாப்புத் தரப்பு. இரண்டும் ஒரே இயற்பியல்.

இந்தியா தொடக்கத்திலிருந்தே இரண்டாவது பார்வையின் பக்கம் சாய்ந்தது. 1934 விமானச் சட்டத்தின் வரையறை, காற்றின் எதிர்வினையால் தாங்கப்படும் எந்த இயந்திரத்தையும் விமானம் என்றது. பலூனையும் கிளைடரையும் சேர்த்த பட்டியலில் பட்டமும் இருந்தது. (மாஞ்சா நூலுக்காகச் சென்னையில் பிடிபடும் பையன் வான்சட்டத்தின் கண்ணில் விமானி என்று சொன்னால் நம்பமாட்டான்.) 2025 ஜனவரி முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் சட்டம் இருக்கிறது. மைக்ரோலைட்டுக்கு இங்கே பதிவு எண் வேண்டும், ஓட்டுபவருக்கு அதற்கென்றே தனி உரிமம் வேண்டும். 1995 டிசம்பரில் புருலியாவில் ஒரு விமானம் ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் போனபின், அடையாளம் தெரியாமல் பறப்பவற்றின் மீதான ஐயம் ஆழமாகப் பதிந்தது.

அந்த ஐயம் எழுத்தில் எப்படியிருக்கும் என்பதைக் குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கும்போது டெல்லி காவல்துறை வெளியிடும் ஆணையில் பார்க்கலாம். பாராகிளைடர், பாராமோட்டார், ஹாங் கிளைடர், ஆளில்லாக் கலம், மைக்ரோலைட், வெப்பக் காற்று பலூன், குவாட்காப்டர், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் தடை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் வந்தது, இப்போது புதிய சட்டத்தின் 163ஆம் பிரிவில் வருகிறது. இது விமானச் சட்டமே அல்ல, பொது அமைதிச் சட்டம். கூட்டம் கூடக் கூடாது என்று சொல்லும் அதே கருவி. தற்காலிகமானது என்றாலும் ஆண்டுதோறும் திரும்பி வருவதால் அது பாதி நிரந்தரம். அனுமதி கேட்டுப் பறப்பவரை இது தடுக்கும். கேட்காமல் வருபவரைத் தடுக்குமா என்பதற்குக் கேபிடல் புல்வெளி ஆறுதலான பதில் தரவில்லை.

2022 ஜூனில் வந்த தேசிய வான்விளையாட்டுக் கொள்கை தொனியை மாற்றியது. பாராமோட்டார் உட்பட்ட துறைகளை ஒரு தலைமைக் கூட்டமைப்பின் கீழும் தனித்தனிச் சங்கங்களின் கீழும் கொண்டுவருவது அதன் ஏற்பாடு. ஜெர்மன் முறையின் சாயல் தெரிகிறது. பீர் பில்லிங், காங்டாக், ஹடப்சர், வாகமண் போன்ற இடங்களை வான்விளையாட்டுக்கான கட்டுப்பாட்டு மண்டலங்களாக அறிவிக்கலாம் என்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் உருவாகும் என்றும் கணக்குச் சொன்னது. வேலை எண்ணிக்கையைவிட முக்கியமானது, பறக்க விரும்புபவரைச் சந்தேக நபராக அல்லாமல் விளையாட்டு வீரராக ஓர் அரசு ஆவணம் பேசியது.

ஆனால் தரையில் அதிகாரம் சிதறியே கிடக்கிறது. வானம் மத்திய அரசுடையது, எழும்பும் குன்று மாநிலத்துடையது, சவாரி விற்பது சுற்றுலாத் துறையின் கீழ். இமாச்சலப் பிரதேசம் 2004லேயே தனக்கென வான்விளையாட்டு விதிகளை எழுதிக்கொண்டது. எல்லா மாநிலங்களும் அப்படிச் செய்யவில்லை. 2025 ஜனவரியில் கோவாவின் கேரி மேட்டில் பாராகிளைடர் விழுந்து சுற்றுலாப் பெண்ணும் ஓட்டுநரும் இறந்தபோது, அனுமதியில்லாத சவாரி என்று தெரிந்தது விபத்துக்குப் பிறகுதான்.

இன்னும் முடியாதவை

மூன்று நிலைப்பாடுகளில் எதையும் முழுத் தவறென்று தள்ள முடியாது. தனக்கு மட்டும் ஆபத்து விளைவிப்பவரை விட்டுவிடு என்பது ஒற்றை இருக்கைக்குப் பொருந்துகிறது. பணம் கொடுத்து ஏறிய பயணிக்குப் பொருந்தவில்லை. பயிற்சியைச் சங்கங்களிடம் ஒப்படைப்பது வலுவான சங்கங்கள் உள்ள இடத்தில் வேலை செய்கிறது. பாதுகாப்புத் தடை சில நாட்களுக்கும் சில இடங்களுக்கும் நியாயப்படுத்தக்கூடியது. வழக்கமான ஆட்சிமுறையாக அது தேறுமா என்பது ஐயமே.

இவற்றுக்கிடையே புதிதாகக் குடிவந்திருப்பது டிரோன். இந்தியாவின் 2021 டிரோன் விதிகள் நாட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்து, பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம் என்றன. வான்விளையாட்டுக் கொள்கையும் பறப்பவர்களை அதே வரைபடத்தைப் பார்க்கச் சொல்கிறது. ஒரே அடுக்கில் மனிதரும் இயந்திரமும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வெளியிட்ட பார்ட் 108 வரைவு, கண்ணுக்கெட்டாத தூரம் பறக்கும் டிரோன்கள் தங்கள் இடத்தை மின்னணு முறையில் ஒலிபரப்பும் விமானங்களுக்கு வழிவிட வேண்டும் என்றது. ஒலிபரப்பாத விமானமென்றால், பல இடங்களில் வழி டிரோனுக்கு. அது சட்டமானால், கருவி மாட்டாமல் முதுகில் மோட்டாரோடு பறப்பவர் பொட்டலம் கொண்டுபோகும் டிரோனைத் தானே பார்த்து ஒதுங்க வேண்டியிருக்கும். பார்ட் 103 ஏற்கெனவே எல்லா விமானங்களுக்கும் வழிவிடச் சொல்லியிருக்கிறது. 1982இல் அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் ஆள் இல்லாத விமானத்தையும் எண்ணித்தான் எழுதினார்களா என்பதை இனி யாராவது ஒரு நீதிபதி சொல்ல வேண்டியிருக்கலாம்.